பழைய சி.ஜி. 125: காபரேற்றர் கழுவிக் கிற் போட்டும் கறுப்புப் புகை நிற்கவில்லை

கோண்டாவில் பொடியன்:

வணக்கம் எல்லாருக்கும். மாமாவின் ஹொண்டா சி.ஜி. 125 இப்போது என்னிடம் இருக்கிறது. பொயின்ற் (பிளக்குக்கு நெருப்பு விடுகிற சுவிச்) வைத்த பழைய மொடல், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேற்றரும் அதோடு வந்த கெய்ஹின்தான். 2022இல் பெற்றோலுக்கு நாள் முழுக்க வரிசையில் நின்ற காலத்தில், இனி இதை ஓடி என்ன என்று மாமா விறாந்தைக் கரையில் நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்கு மாறினவர், திரும்பத் தொடவே இல்லை. ராங்கிலும் காபரேற்றரிலும் கிடந்த பெற்றோல் காய்ந்து பிசினாகிப் போயிருந்தது. அதனால் ஒரு கராச்சில் கொடுத்து ராங்க் கழுவி, காபரேற்றரைக் கழட்டிச் சுத்தம் செய்து, புதுக் கிற்றும் (ஊசி, ஜெற், வால்வ் எல்லாம் சேர்ந்த மாற்றுச் சாமான் பெட்டி) போட்டு எடுத்தேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். காலையில் சொக் (குளிரில் காற்றைக் குறைக்கிற தட்டு) இழுக்காமலே ஒரு உதையில் ஸ்ரார்ட் எடுக்கிறது, அதுவரை சந்தோஷம். ஆனால் கொஞ்சத் தூரம் ஓடி எஞ்சின் சூடானதும் குணம் மாறிவிடும். கொக்குவில் சந்தியில் நின்றால் ஸ்லோவில் (அக்சிலேற்றரை விட்ட ஓட்டத்தில்) ஓடாமல் மூச்சடைத்து நின்றுவிடும். மெதுவாக முறுக்கினால் "பொத பொத" என்று இழுக்காது, சைலன்சரால் கறுப்புப் புகை. பிளக்கைக் கழட்டினால் முனை முழுக்க உலர்ந்த கரி, விரல் வைத்தால் கறுப்பு ஒட்டும். மாமா ஓடும்போது லீற்றருக்கு 45க்குக் குறையாது என்கிறார், எனக்கு 25 தேறினால் பெரிய விஷயம். உடுப்பெல்லாம் பெற்றோல் மணம் என்று வீட்டில் அம்மாவின் பேச்சு வேறு.

எயார் ஃபில்ரர் கழுவிப் போட்டுவிட்டேன். மிக்சர் ஸ்குரூவை உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்த்தேன், பெரிதாக ஒரு வித்தியாசமும் இல்லை. கராச்சில் கேட்டால் "பழசு அப்படித்தான், சைனா காபரேற்றர் ஒன்று வாங்கிப் பூட்டு" என்கிறார்கள். ஒரிஜினலைத் தூக்கி எறிய மனமில்லை. எங்கே தொடங்குவது?

ரெண்டு சில்லு:

முதலில் சொக். லீவரை இறக்கிவிட்டால் உள்ளே இருக்கும் தட்டும் திறந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். எயார் ஃபில்ரர் பக்கத்து றப்பரைக் கழட்டி, ரோர்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். பழைய பைக்குகளில் தட்டு அரைவாசியில் இறுகி நிற்பது வழமை.

ஃபில்ரர் கழுவினேன் என்கிறீர்கள். ஸ்பொஞ்ச் ஃபில்ரர் என்றால் ஓயில் பூசி வடிவாகப் பிழிந்தீர்களா? ஓயில் சொட்டச் சொட்டப் போட்டால் கழுவாத ஃபில்ரரை விட மோசம், காற்று எங்கே போகும்?

ஒரு சின்னப் பரிசோதனையும் இருக்கிறது. பைக் மூச்சடைக்கிற நேரத்தில் ஃபில்ரரைக் கழட்டிவிட்டு ஒழுங்கை முடிவு வரை ஓடிப் பாருங்கள். ஃபில்ரர் இல்லாமல் நன்றாக இழுத்தால் பெற்றோல் கூட, காற்றுக் குறைவு என்பது உறுதி. புழுதிக்குள் அப்படியே ஓடித் திரிய வேண்டாம், பார்த்துவிட்டு உடனே பூட்டுங்கள்.

பொயின்ற் கப்:

எல்லாரும் காபரேற்றரையே பிடிக்கிறீர்கள். பிளக் கறுப்பு என்றவுடன் பெற்றோல் கூட என்று முடிவெடுப்பது பிழை. நெருப்பு மெலிந்தாலும் பெற்றோல் எரியாமல் கரியாகத்தான் படியும். அதிலும் "சூடானால்தான் வருத்தம்" என்றால் எனக்கு முதலில் நெருப்பு உண்டாக்குகிற கொயிலும் பொயின்றோடு சேர்ந்த கொண்டென்சரும்தான் நினைவுக்கு வரும், இரண்டும் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும்.

பொயின்றின் முகம் குழி விழுந்து கருகியிருந்தால் கொண்டென்சர் போய்விட்டது. இடைவெளி 0.3இலிருந்து 0.4 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கண் மட்டத்துக்கு வைக்காமல் ஃபீலர் கேஜ் விட்டு அளவுங்கள். பிளக்கின் எண்ணையும் பாருங்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக் கூட அது குளிர் பிளக். கடையில் இருந்ததென்று 9 ஒன்றைத் தந்துவிட்டிருந்தால் சந்தைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற பைக்கில் கரி எரிந்து போகவே போகாது.

பழைய இரும்பு:

பொயின்ற் கப் சொன்னதைத் தட்டிக் கழிக்க மாட்டேன், பொயின்றைப் பார்க்காமல் காபரேற்றரில் கை வைப்பது வீண் வேலைதான். ஆனால் தம்பி சொன்ன ஒரு விஷயத்தை இருவரும் கவனிக்கவில்லை. சொக் இல்லாமலே குளிரில் ஸ்ரார்ட் எடுக்கிறது என்கிறார். யாழ்ப்பாணத்து வெக்கையில் கனக்கச் சொக் தேவைப்படாது என்பது சரி, ஆனாலும் மார்கழிக் காலையில் சொக்கே வேண்டாம் என்று நிற்கிற காபரேற்றர் சொக் வேலையைத் தானாகவே செய்துகொண்டிருக்கிறது. குளிரில் நன்றாக ஓடிச் சூட்டில் கெடுவது பெற்றோல் கூடினதற்கு அடையாளம். ரெண்டு சில்லு சொன்ன ஃபில்ரர் பரிசோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். கொயில் பிழை என்றால் ஃபில்ரரைக் கழட்டி ஒரு மாற்றமும் வராது.

தம்பி, ஸ்குரூவைத் திருப்புவதை நிறுத்துங்கள். அந்த ஸ்குரூ ஆளுவது ஸ்லோவையும், அக்சிலேற்றர் அரைக்கால் அளவு திறக்கும் வரையும் மட்டும்தான். அதற்கு மேலே காற்பங்கு வரை, அக்சிலேற்றரோடு ஏறி இறங்குகிற ஸ்லைட்டின் கீழ் வெட்டு, காலில் இருந்து முக்கால் வரை ஸ்லைட்டில் தொங்கும் ஊசி, அதற்கு மேலேதான் மெயின் ஜெற் (பெற்றோல் வருகிற பெரிய துளை). எந்த இடத்தில் அடைக்கிறது என்று தெரியாமல் எதைக் கழட்டினாலும் குருட்டு வேலை. கைப்பிடியில் வெள்ளை ரேப் ஒட்டி, அக்சிலேற்றர் மூடியிருக்கும் இடத்தையும் கால், அரை, முக்கால் இடங்களையும் பேனாவால் கோடு போடுங்கள். பிறகு வல்லை வெளிக்குப் போங்கள், அந்த நேர் றோட்டில் ஒரே இடத்தில் பிடித்து ஓட வசதி. சனம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள், பின்னால் பருத்தித்துறை பஸ் வந்தால் பரிசோதனையெல்லாம் வேண்டாம், கரைக்கு எடுத்துவிடுங்கள். துப்பரவான பிளக் ஒன்றைப் பூட்டி, அரைக் கோட்டில் பிடித்துக் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, கிளச்சைப் பிடித்த அதே கணம் சுவிச்சையும் நிறுத்தி உருட்டிக்கொண்டு போய் நின்று பிளக்கைக் கழட்டிப் பாருங்கள். ஸ்லோவில் விட்டு நிறுத்தினால் பிளக் ஸ்லோவின் நிறத்தைத்தான் காட்டும். இதேபோல முழுவதாகத் திறந்தும் ஒருக்கா.

அடுத்தது ஃபுளோற், காபரேற்றர்க் கோப்பைக்குள் பெற்றோல் மட்டத்தைப் பிடித்து வைக்கிற மிதவை. இதற்குக் காபரேற்றரைக் கழட்டவே தேவையில்லை. மருந்துக் கடையில் சேலைன் ரியூப் ஒரு துண்டு வாங்கி, கோப்பைக்கு அடியில் பெற்றோல் வடிக்கிற மூக்கில் மாட்டுங்கள். பைக்கை நடு ஸ்ராண்டில் நேராக நிறுத்தி, ரியூப்பின் மற்ற நுனியைக் காபரேற்றர் பக்கத்தோடு மேலே பிடித்துக்கொண்டு வடிக்கிற ஸ்குரூவை இளக்கினால், உள்ளே பெற்றோல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டம் ரியூப்பிலும் தெரியும். கோப்பை பூட்டுகிற பெக்கிங் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஏறினால் திருடன் பிடிபட்டான். இதை அடுப்படிப் பக்கமோ, சுவாமிப் படத்துக்கு விளக்கு வைத்திருக்கிற இடத்திலோ செய்ய வேண்டாம்.

ஓயில் அளக்கிற கம்பியையும் எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால், அல்லது மட்டம் தானாகக் கூடியிருந்தால், அந்த ஓயிலோடு ஒரு மைல் கூட ஓட வேண்டாம். ஃபுளோற் வால்வ் ஒழுகி இரவில் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது. அதைத் திருத்தும் வரை ஒவ்வொரு முறையும் நிறுத்தியதும் பெற்றோல் ரப்பை மூடுங்கள்.

கோண்டாவில் பொடியன்:

சொன்னதெல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன். பொயின்ற் துப்பரவு, இடைவெளி 0.35இல் நிற்கிறது. பிளக்கும் சரியான எண்தான். சொக் தட்டு முழுதாகத் திறக்கிறது. ஃபில்ரரைக் கழட்டியதும் பைக் வேறு பைக் மாதிரி இழுத்தது, புகையும் குறைந்தது.

வல்லை வெளியில் கால் கோட்டிலிருந்து அரைக் கோட்டுக்குள்தான் மோசம், பிளக் கன்னங்கரேல். முழுவதாகத் திறந்து ஓடினால் ஆச்சரியம், பிளக் கிட்டத்தட்ட மண் நிறம். ரியூப் வைத்துப் பார்த்ததில் பெற்றோல் பெக்கிங் கோட்டுக்கு மேலே நிற்கிறது, ஒழுகி வழிகிற அளவுக்கு இல்லை. ஓயிலில் மணம் இருந்தது, மாற்றியாயிற்று.

இன்னொன்று. எஞ்சின் பக்கம் இருக்கிற மிக்சர் ஸ்குரூவை முழுதாக உள்ளே இறுக்கினாலும் எஞ்சின் நிற்கவில்லை. அது சரியா?

பழைய இரும்பு:

சரியில்லை, அதுதான் நல்ல துப்பு. ஸ்குரூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் கலவையை விடுகிற ஸ்குரூ, உள்ளே போகப் போகக் குறையும். ஃபில்ரர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்குரூ, உள்ளே போகப் போகப் பெற்றோல் கூடும். இது தெரியாமல் பாதிப் பேர் எதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுடையதை முழுதாக மூடியும் எஞ்சின் ஓடுகிறது என்றால் பெற்றோல் வேறு வழியால் வருகிறது. மட்டம் உயரமாக நிற்கும்போது ஊசி ஓட்டையாலேயே கசிந்து மேலே வரும்.

மெயின் ஜெற்றைச் சந்தேகப்படத் தேவையில்லை, முழுவதாகத் திறந்தால் பிளக் நல்லாக இருக்கிறதே. கால் முதல் அரை வரை என்றால் ஊசியும் அது ஏறி இறங்குகிற நீடில் ஜெற்றும்தான். இனிக் கழட்டலாம். கழட்டும்போது ஸ்குரூ தலைகளைக் கெடுக்காதீர்கள். ஜப்பான் காபரேற்றரில் இருக்கிற நட்சத்திரத் தலை நாங்கள் வைத்திருக்கிற பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவருக்குச் செய்ததில்லை, வழுக்கி உருட்டிவிடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) நுனி உள்ளது கிடைத்தால் நல்லது.

நான் கேட்க நினைத்தது வேறு. கிற்றில் வந்த ஊசியையும் பூட்டினார்களா? பழைய சாமான் இருக்கிறதா?

ரெண்டு சில்லு:

கிற் கதை எனக்கும் தெரியும். பெட்டியில் பத்து பைக்கின் பெயர் அச்சடித்திருப்பார்கள், உள்ளே ஒரே ஊசி. அது எப்படி எல்லாத்துக்கும் சரிவரும்?

கோண்டாவில் பொடியன்:

பழைய சாமான் எல்லாம் ஒரு சொப்பிங் பையில் கட்டித் தந்தார்கள், மாமா எறிய விடவில்லை. ஊசி, நீடில் ஜெற், மெயின் ஜெற், ஃபுளோற் வால்வ் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

பழைய ஊசியையும் புது ஊசியையும் வெள்ளைக் கடதாசியில் பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்த்தேன். நீளம் ஒன்று. ஆனால் புதியது மேலிருந்தே மெலியத் தொடங்குகிறது, பழையது பாதி வரை ஒரே தடிப்பாக வந்து பிறகுதான் கூராகிறது. பழையதில் நடுவில் ஒரு பக்கம் மட்டும் மினுமினுவென்று தேய்ந்த அடையாளம், நகம் வைத்து இழுத்தால் கொஞ்சம் தட்டுகிறது.

அரியாலை ஐயா:

தம்பி, நான் இதற்குள் கனக்க எழுதுவதில்லை. ஆனால் உம்முடைய மாமா இந்த பைக்கை எப்போது வாங்கினவர் என்று ஒருக்கா கேளும். 90களில் குடாநாட்டுக்குள் பெற்றோல் வர விடாத காலத்தில் இங்கே ஓடிய மோட்டார் சைக்கிள் என்றால், அது மண்ணெண்ணெயில் ஓடியிருக்கும். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து எஞ்சினைச் சூடாக்கிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவது. பெற்றோலைச் சின்னப் போத்தலில் தங்கம் மாதிரி வைத்திருந்தோம். அந்த நேரம் மண்ணெண்ணெய்க்கு ஏற்ற மாதிரி ஆளாளுக்குக் காபரேற்றரில் கை வைத்தவர்கள், ஊசியை உயர்த்தினவர், ஜெற்றைக் கம்பி விட்டு அகலித்தவர், என்னவெல்லாமோ. அதற்குப் பிறகு வந்தவர்கள் அதை ஒரிஜினல் என்று நினைத்து அப்படியே ஓடுகிறார்கள்.

ஆகையால் பழைய நீடில் ஜெற்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாரும். ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவாக இருந்தால் ஊசி அடித்து அடித்துத் தேய்த்திருக்கிறது. ஜெற்றுக்குள் கம்பி, குண்டூசி ஒன்றும் விடாதேயும். பித்தளை மெதுவான சாமான், ஒரு தரம் கீறினாலே அளவு போய்விடும். பெற்றோலில் ஊறவிட்டுக் காற்று அடித்தால் போதும். நீடில் ஜெற்றைத் தாங்குகிற குழலின் பக்கத்தில் இருக்கிற பொடி ஓட்டைகளையும் பாரும். அது காற்று வருகிற வழி. உம்முடைய பெற்றோல் பிசினாகிக் காய்ந்தது என்றீர், அந்த ஓட்டைகள் அடைத்திருந்தால் காற்றுக் கலக்காமல் வெறும் பெற்றோல்தான் மேலே போகும். கனபேர் பெற்றோல் வழியைத்தான் சுத்தம் செய்வார்கள், காற்று வழியை மறந்துவிடுவார்கள்.

பொயின்ற் கப்:

ஐயா சொன்ன அந்தக் காற்று ஓட்டை விஷயம் எனக்குப் புதிது. அடைப்பு என்றால் பெற்றோல் குறையத்தானே வேணும் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் ஃபில்ரர் பக்கத்து வாயில் தெரிகிற இரண்டு பொடி ஓட்டைகளும் அதற்குத்தானா?

பழைய இரும்பு:

ஆம், அதேதான். ஒன்று ஸ்லோவுக்கு, மற்றது மெயினுக்கு. அதற்குள் காபரேற்றர் கிளீனர் அடித்தால் மற்றப் பக்கத்தால் பீறிட்டு வர வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், முகத்துக்குத்தான் வரும்.

பொடியனுக்கு: கிற் ஊசிதான் முதற் குற்றவாளி. மேலிருந்தே மெலிகிற ஊசி என்றால் கால் திறக்கும்போதே ஓட்டையில் இடைவெளி கூடிவிடும், கிளிப்பை எந்தக் காடியில் போட்டாலும் அது தீராது. கிளிப்பை மேற்காடிக்கு ஏற்றினால் ஊசி கீழே இறங்கிப் பெற்றோல் குறையும் என்பது உண்மைதான், ஆனால் ஊசியின் வடிவம் பிழை என்றால் ஒரு இடத்தைச் சரிக்கட்ட இன்னொரு இடம் கெடும். தேய்ந்த பழைய ஊசியையும் நம்ப முடியாது. ஆனாலும் இப்போதைக்குப் பழைய ஊசி, பழைய நீடில் ஜெற் இரண்டையும் சோடியாகப் போட்டு ஓடிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் எங்கே காசு செலவழிப்பது என்று தெரிந்துவிடும். மெயின் ஜெற்றை மாற்ற நினைத்தால் எண்ணை மட்டும் சொல்லி வாங்க வேண்டாம், கெய்ஹினும் மிக்குனியும் ஒரே எண்ணுக்கு ஒரே அளவு வைப்பதில்லை.

ஃபுளோற் மட்டத்துக்கு, காபரேற்றரைச் சரித்துப் பிடியுங்கள். ஃபுளோற்றின் நாக்கு வால்வின் நுனியில் இருக்கிற சின்ன ஸ்பிரிங் குமிழைத் தொட வேண்டும், அமத்தக் கூடாது. அந்த நிலையில்தான் உயரம் அளக்க வேண்டும். தலைகீழாக வைத்து அளந்தால் ஃபுளோற்றின் பாரமே குமிழை அமத்திப் பிழையான அளவு காட்டும். நாக்கு பித்தளை என்றால் மயிரளவு வளைக்கலாம். வளைக்க முன்னம் ஃபுளோற்றைக் காதோடு வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெற்றோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை, வளைத்துப் பயனில்லை. கிற் வால்வ் பழையதைவிட நீளமாக இருந்தாலும் மட்டம் மாறும், இரண்டையும் அளந்து பாருங்கள்.

கோண்டாவில் பொடியன்:

வால்வ் நீளம் ஒன்றுதான். ஃபுளோற்றுக்குள் சத்தம் இல்லை. நாக்கைக் கொஞ்சம் வளைத்து மட்டத்தைக் கோட்டுக்குக் கீழே இறக்கினேன். நீடில் ஜெற் ஹோல்டரின் பக்க ஓட்டைகளில் பாதிக்கு மேல் அடைப்பு, பச்சை நிறத்தில் மெழுகு மாதிரி. கழுவி எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வெளிப்பக்கம் மட்டும்தான் மினுக்கியிருக்கிறார்கள். பழைய நீடில் ஜெற்றின் ஓட்டை ஐயா சொன்ன மாதிரிக் கொஞ்சம் நீள்வட்டம்.

பழைய ஊசியையும் ஜெற்றையும் போட்டு ஓடினேன். கறுப்புப் புகை இல்லை. சந்தியில் ஸ்லோவில் விடாமல் ஓடுகிறது. இப்போது ஸ்குரூவை மூடினால் எஞ்சினும் நிற்கிறது. காலையில் கொஞ்சம் சொக் கேட்கிறது. அரைக் கோட்டில் பிளக் இன்னும் கொஞ்சம் கடும் நிறம், ஆனால் கரி இல்லை. மாமாவிடம் கேட்டேன், பைக் 88இல் வாங்கினதாம். மண்ணெண்ணெயில் ஓடினதா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "வேறு எதில் ஓடினது?" என்றார்.

நல்ல ஊசியும் நீடில் ஜெற்றும் எங்கே எடுப்பது? ஸ்ரான்லி வீதியில் கேட்ட இடமெல்லாம் கிற்தான் இருக்கிறது, தனியாக இல்லை என்கிறார்கள்.

ரெண்டு சில்லு:

கொழும்புக்குப் போகிற ஆள் இருந்தால் பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லுங்கள், பழைய காபரேற்றர் ஒன்றை முழுதாக வாங்கி அதிலிருந்து ஊசியையும் ஜெற்றையும் எடுப்பது சில நேரம் மலிவு. பழைய ஊசியைக் கையில் கொடுத்துவிடுங்கள், அதில் பொறித்திருக்கிற எழுத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். போனில் படம் அனுப்பினால் "ஓம் இருக்கு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

பழைய இரும்பு:

அது வரைக்கும் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றி ஓடலாம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஸ்லோவைக் கொஞ்சம் கூட்டிவைத்து, மிக்சர் ஸ்குரூவை மெதுவாகத் திருப்பிச் சத்தம் ஆக உயரும் இடத்தில் விட்டுவிட்டு, பிறகு ஸ்லோவைக் குறையுங்கள். மூடிய இடத்திலிருந்து ஒன்றரை சுற்றுக்கும் இரண்டு சுற்றுக்கும் இடையில் வந்தால் சரி. சாமான் வந்ததும் ஊசியையும் ஜெற்றையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்று பழசு ஒன்று புதுசு வேண்டாம்.

மானிப்பாய் மச்சான்:

என்னுடைய ஹொண்டா எம்.டி. 90 பைக்கும் இதே மாதிரித்தான் புகைக்கிறது, ஆனால் புகை நீலமாக வருகிறது. இதையெல்லாம் செய்து பார்க்கட்டோ?

பொயின்ற் கப்:

நீலம் என்றால் ஓயில் எரிகிறது, காபரேற்றரைத் தொடாதேயுங்கோ. புது இழை ஒன்று திறவுங்கோ, றிங், வால்வ் சீல் எல்லாம் அங்கே கதைப்போம்.